எனக்கு முன்னே புறப்பட்ட வேஷ்டி

சிரஞ்சீவி வாசுவுக்கு,

ஆசீர்வாதம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். எழுதிவிட்டதாக வைத்துக்கொள். முழு மனதோடு எழுதினேனா என்று கேட்டால், இல்லை. நாளைக் காலையில் நீ என் சைக்கிளில் ஏறி, என் சிநேகிதர்களோடு, நான் போக வேண்டிய கன்னியாகுமரிக்குப் போகப்போகிறாய். அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. பெற்ற பிள்ளைக்கு ஒரு தகப்பன் இப்படி எழுதலாமா என்று நினைப்பாய். எழுதக்கூடாதுதான். ஆனால் ஒரு மாதமாக இதை முகத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுகிறேன். உனக்குத் தெரியும், உன் அம்மாவுக்குத் தெரியும், பால் கொண்டுவருகிறவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். வாயால் சொல்லாமல் இருப்பதில் இனி என்ன கௌரவம் இருக்கிறது? இன்று புதன்கிழமை மத்தியானம். நீ செயினுக்கு எண்ணெய் போடக் கடைக்குப் போயிருக்கிறாய். இதை எழுதி அம்மாவிடம் கொடுத்து உன் பையில் வைக்கச் சொல்லப்போகிறேன். நாளை ராத்திரிக்குத் துவரங்குறிச்சியில் தங்கும்போது பிரித்துப் படி. அதற்கு முன் படித்தால் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து என்னைச் சமாதானப்படுத்தப் பார்ப்பாய். அது எனக்கு வேண்டாம்.

இந்த யாத்திரை யாருடைய யோசனை என்று உனக்குச் சரியாகத் தெரியாது. சடகோபன் தன்னுடைய யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். அடுத்த வீதிக்காரன், வக்கீல் குமாஸ்தா, வாய்க்குக் கேட்பானேன். யோசனை என்னுடையது. தினமும் காவேரிப் பாலத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போய், பையன்களுக்கு பூகோளம் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதே பாலத்தின் வழியாகத் திரும்பி வருகிறவன் நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் கரும்பலகையில் இந்தியாவை வரைவேன். தெற்கு முனையில் சாக்குக்கட்டியை ஒரு அழுத்து அழுத்தி, 'இதுதான் கன்னியாகுமரி' என்று எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருக்கிறேன்! ஆனால் மதுரைக்குத் தெற்கே நான் கால் வைத்ததில்லை. ஒருநாள் தெப்பக்குளத்தில் காதர் சாயபுவின் சைக்கிள் கடையில் பங்க்ச்சருக்காகக் காத்திருந்தபோது இதைச் சொன்னேன். மார்க்கெட்டில் வாழைக்காய் வியாபாரம் செய்யும் முசிறி முத்துசாமியும் அங்கே இருந்தார். "அப்ப போயிட்டுத்தான் வருவமே சாமி, சைக்கிள் எதுக்கு இருக்கு?" என்றார். அன்று ஆரம்பித்தது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் நாலு பேரும் கல்லணைக்கும் முசிறிக்கும் போய்ப் போய்க் காலைப் பழக்கினோம். ஊரில் எங்களுக்கு சைக்கிள் கோஷ்டி என்று பெயர் வைத்தார்கள். பெருமாள் சந்நிதியில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் எனக்கு இடம் கிடைத்தபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. பெருமாள் மன்னிக்கட்டும்.

பிறகு எனக்குக் குடலிறக்கம் வந்தது. அதைப் பற்றி விஸ்தரிப்பதற்கு ஒன்றுமில்லை, அழகான வியாதியும் இல்லை. ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்தார்கள். வைகாசி மாதம் வரை சைக்கிள் ஸீட்டில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொன்னார். கோஷ்டி புறப்படுவது தை மாதத்தில். மறுநாள் சடகோபன் கையில் ஆரஞ்சுப் பழத்தோடு என்னைப் பார்க்க வந்தான். நான் ஏதோ சொல்வதற்கு வாயைத் திறப்பதற்குள், "கவலையே படாதேயும் ஓய். உம்ம இடம் காலியாப் போகாது. வாசுவை அழைச்சுண்டு போறோம்" என்றான். ஆறுதல் சொல்கிறானாம். அந்த ஆரஞ்சுப் பழத்தை அவன் தலையில் எறிந்திருப்பேன், தையல் பிரிந்துவிடும் என்ற பயத்தில் விட்டுவிட்டேன். என் இடம் காலியாக இருக்க வேண்டும், வாசு. நான் இல்லாத குறை அவர்களுக்குத் தெரிய வேண்டும். மூன்று பேராகப் போய், வழியெல்லாம் 'அவர் இருந்திருந்தால்' என்று பேச வேண்டும். இப்படி எதிர்பார்ப்பது சின்னத்தனம்தான். ஆனால் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

அதற்குப் பிறகு தினமும் ஒன்று. கட்டிலிலிருந்து எழுந்து முதல் தடவை வாசலுக்கு வந்தபோது, சுவரில் சாய்த்திருந்த என் சைக்கிளைப் பார்த்தேன். ஸீட்டை உன் உயரத்துக்குத் தூக்கியிருந்தாய். உனக்குக் கால் நீளம், தூக்காமல் எப்படி ஓட்டுவாய்? எல்லாம் புரிந்தது. புரிந்தும் அன்று முழுக்க உன்னோடு பேசவில்லை. யாத்திரைக்கென்று நான் தைத்து வைத்திருந்த காக்கி நிஜாரை அம்மா தையற்காரனிடம் கொடுத்து உன் இடுப்புக்குப் பிடித்து வாங்கிவந்தாள். பிடித்த துணியே இன்னொரு நிஜார் தைக்கக் காணும் என்று அவன் சிரித்தானாம். அதையும் என்னிடம் வந்து சொல்கிறாள். சாயங்காலம் வாசலில் மணிச் சத்தம் கேட்டால், முன்பெல்லாம் "வாத்தியாரே!" என்று கூப்பிடுவார்கள். இப்போது "தம்பி இருக்காருங்களா?" என்று கேட்கிறார் முத்துசாமி. நான்தான் ஜன்னலில் நிற்கிறேன், என்னைப் பார்த்துத்தான் கேட்கிறார். இருக்கான் என்று சொல்லி உன்னைக் கூப்பிட்டுவிடும் வேலை எனக்கு.

உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, சடகோபன் என்னிடமிருந்து உன்னைத் தட்டிக்கொண்டு போவது இது முதல் தடவை இல்லை. உனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, கோடை விடுமுறையில் உனக்கு சைக்கிள் கற்றுத்தருவதாகச் சொல்லியிருந்தேன். பரீட்சைப் பேப்பர் திருத்தி முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஒருநாள் சாயங்காலம் சித்திரை வீதி திரும்புகிறேன், எதிரே நீ குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு வருகிறாய், பின்னால் சடகோபன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருகிறான். 'அப்பா பாருங்கோ!' என்று கத்திக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாய். நீ ஓட்டியது அவ்வளவு நன்றாக இருந்தது. நான், "முன்னால பாத்து ஓட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, அந்தப் பேப்பர்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த வருஷம் என் கையில் அகப்பட்ட பையன்கள் பாவம். நீ ஆசைப்பட்ட ஒன்றைச் செய்துதர ஒரு பெரிய ஓய்வு வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சடகோபன் பொழுது போகாத ஒரு சாயங்காலத்தில் செய்துவிட்டுப் போய்விட்டான். உனக்குக் குழந்தை பிறந்தால் பேப்பரை அப்புறம் திருத்து.

போகட்டும். போகிறவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், இவர்களோடு போவது எப்படி என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. சடகோபனுக்கு நேர் பின்னால் போகாதே. வெற்றிலைச் சாறைத் துப்பும்போது திரும்பிப் பார்க்க மாட்டான். முகத்தில் வாங்கியவன் சொல்கிறேன். மேட்டில் ஏறும்போது பாடுவான், மூச்சு வாங்குவதை மறைக்கத்தான். பாட்டு நின்றால் நீ முதலில் இறங்கிவிடு, அவன் தானாக இறங்க மாட்டான். முத்துசாமிக்குப் பசித்தால் வாய் திறந்து சொல்ல மாட்டார். "தம்பிக்குப் பசிக்குங்களே" என்று உன் பெயரைச் சொல்வார். உனக்குப் பசியில்லை என்று சொல்லிவிடாதே, ஆமாம் என்று சொல்லு. காதர் சாயபு தொழுகைக்கு நிற்கும் இடத்தில் எல்லாரும் நிற்க வேண்டும். எத்தனை நேரம் என்று பார்க்காதே, அந்த நேரத்தில் டயரில் முள் இருக்கிறதா என்று தடவிப் பார். தெற்கே போகப்போகக் கருவேல முள் ஜாஸ்தி. சரிவில் இறங்கும்போது முன் பிரேக்கை மட்டும் பிடித்துவிடாதே. கார்பைடு விளக்கில் தண்ணீரைக் கொஞ்சமாக விடு, அதிகமானால் குப்பென்று பற்றும். காப்பி கிடைக்காத ஊரில் தலைவலி என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே. அது என்னிடமிருந்து உனக்கு வந்த குணம், எனக்கே பிடிக்காத குணம்.

நாள் பார்க்கும் பொறுப்பு மட்டும் கடைசிவரை என்னிடம் இருந்தது. கோஷ்டியில் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சடகோபனுக்குக் கோர்ட்டில் லீவு வியாழக்கிழமை ஆரம்பிக்கிறது, அன்றே கிளம்பிவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. வியாழக்கிழமை தெற்கே சூலம். அந்தத் திக்கில் அன்று யாராவது பிரயாணம் கிளம்புவார்களா? பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, வியாழன் கூடாது, அடுத்த வாரமும் சரியில்லை, மாசியில் இந்தத் தோஷம், பங்குனியில் அந்தத் தோஷம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினேன். வைகாசியில் அருமையான நாள் இருக்கிறது என்று முடித்தேன். "வைகாசியில வெயில் மண்டையைப் பொளந்துடுங்களே, சாமி" என்றார் முத்துசாமி. காதர் சாயபு தாடியைத் தடவிக்கொண்டு, "வாத்தியாரே, உங்களை டாக்டர் சைக்கிள் ஏறலாம்னு சொன்னதும் அந்த வைகாசிதானே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாய். நிறுத்தியதில்தான் எனக்கு அதிகக் கோபம்.

அதற்கு வழி சொன்னவள் உன் அம்மா. அதுவரை உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், "பரஸ்தானம் வெச்சுட்டாப் போறது. இதுக்கு எதுக்கு இத்தனை தர்க்கம்?" என்றாள். சொல்லிவிட்டு முத்துசாமிக்குப் புரியவில்லை என்று அவருக்கு விளக்கம் வேறு. கிளம்ப வேண்டிய நாள் நன்றாக இல்லையென்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல வேளையில், பிரயாணம் போகிறவருடைய வஸ்து ஒன்றை, போகிற திக்கில் இருக்கும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்போதே அவர் புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. அப்புறம் சூலமாவது ஒன்றாவது. ஆனால் வைத்ததைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, கொண்டுவந்தால் பிரயாணம் கெட்டுப்போகும். பஞ்சாங்கம் பார்க்கிறவனுக்கு இது தெரியாதா என்று கேட்காதே. தெரியும். யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள் என்று இருந்தேன். திங்கட்கிழமை காலை நல்ல வேளையில் சடகோபனுடைய துண்டு ஒன்றும், உனக்கென்று அம்மா மடித்துணி உலர்த்தும் கொடியிலிருந்து கோலால் எடுத்துச் சுற்றிக் கொடுத்த வேஷ்டியும், ஆற்றுக்குத் தெற்கே காதர் சாயபுவின் கடைக்குப் போயின. அவர் மேல் தட்டைத் துடைத்து, டயர் டியூபுகளைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த இரண்டுக்கும் தனி இடம் கொடுத்தாராம். நல்ல மனுஷர்.

நேற்றுச் சாயங்காலம் மூட்டை கட்டுவதற்காகக் கடையில் அந்த வேஷ்டியை இறக்கிப் பிரித்தபோது நடந்ததை நீ என்னிடம் சொல்லவில்லை, சடகோபன்தான் பாலத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். நீ கல்யாணமாகாத பையன், நாலு முழம் கட்டுகிறவன். பிரித்தால் அது பிரிந்துகொண்டே போயிற்று. "இது பஞ்சகச்சம்னா! உங்கப்பாவோடதுடா!" என்று சடகோபன் கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினானாம். வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக என் முன்னால் நின்று, "ஓய், சாஸ்திரப்படி நீர் திங்கட்கிழமையே பொறப்பட்டாச்சு. உம்ம பிள்ளைதான் இன்னும் ஆத்துல இருக்கான். இங்கே உக்காந்துண்டு என்ன பண்றீர்?" என்றான். அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். எனக்கு வேடிக்கையாக இல்லை. ஒரு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு நெஞ்சு நிறைந்தது. நான் புறப்பட்டுவிட்டேன், நீ புறப்படவில்லை! நீ பின்னாலேயே வந்து, "அப்பா, உங்க வேஷ்டியைக் கொண்டுவந்துட்டு என்னோடதை வெச்சுடட்டுமா?" என்று பயந்துகொண்டு கேட்டாய். "தொடாதே!" என்று கத்தினேன். அத்தனை சத்தமாகக் கத்த வேண்டாம்தான். பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தாள். உன்னுடைய வேஷ்டியையும் அதோடு சேர்த்து வைத்துவிடு என்று சடகோபன் தீர்ப்புச் சொன்னதால் நீ தப்பினாய்.

எப்படி மாறிற்று என்று அம்மாவைக் கேட்டேன். "கைக்குக் கெடச்சதை எடுத்தேன். இருட்டு" என்றாள். கொடியில் என் வேஷ்டி ஒரு கோடி, உன் வேஷ்டி மறு கோடி. இத்தனை வருஷத்தில் அவள் எதையும் கைக்குக் கிடைத்தது என்று எடுத்து நான் பார்த்ததில்லை. 

இன்று காலையில் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நீங்கள் நாலு பேரும் மூட்டை கட்டிய சைக்கிளை வீதியில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சைக்கிளை நிறுத்திவிட்டு, கையைத் தூக்கி, என்னமோ சொன்னாய். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் முத்துசாமி சைக்கிளை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். காதர் சாயபு கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசு, நீ சிரிக்க வைப்பாயா? இந்த வீட்டில் 'ம்', 'சரி', 'சாப்பிட்டாச்சு' இவற்றுக்கு மேல் நீ பேசி நான் கேட்டதில்லை. பி.ஏ. முடித்து வேலைக்கு மனுப் போட்டுப் போட்டு அலுத்துப்போனவன், பேச்சுக் குறைந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சடகோபனைத் தனியே கூப்பிட்டு, அப்படி என்ன சொன்னான் என்று கேட்டேன். "அதை ஏன் கேக்கறீர்? உம்மைத்தான் பண்ணிக் காமிச்சான். 'முனையைப் பார்! என்னைப் பார்க்காதே!'ன்னு போர்டுல குத்துவீரே, அச்சு அசல் நீர்தான் ஓய்!" என்றான்.

இதுவரை எழுதின பொறாமை எல்லாம் ஒன்றுமில்லை என்று அப்போது தெரிந்தது. கன்னியாகுமரி எங்கும் போய்விடாது. சைக்கிள் என்னுடையதுதான், திரும்பி வரும். ஆனால் இந்த மூன்று பேரும் உன்னோடு இரண்டு வாரம் சாப்பிட்டு, தூங்கி, நனைந்து, சண்டை போட்டுத் திரும்பி வருவார்கள். நீ களைத்துப்போனால் எப்படி இருப்பாய், கோபம் வந்தால் என்ன சொல்வாய், எதற்குப் பயப்படுவாய் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நான் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், இன்று சடகோபனிடம் கேட்டேனே, அந்த மாதிரி. உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டதுகூடத் தாங்கிக்கொள்ளலாம். அவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆகையால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவுடனே காதர் சாயபு, "ரயில்ல மதுரைக்கு வந்துடுங்க வாத்தியாரே, அங்கே சேந்துக்கலாம்" என்று சொன்னார். மூட்டையோடு மூட்டையாக வருவதற்கு நான் ஆளில்லை என்று அன்று கடுகடுத்தேன். இப்போது வருகிறேன். டாக்டர் தடுத்தது சைக்கிள் ஸீட்டைத்தான், ரயில் பெஞ்சை இல்லை. காலையில் அம்மாவிடம் சொன்னபோது, "பின்னே? வெச்ச பரஸ்தானத்தை விட்டுட்டு மனுஷன் ஆத்துல இருந்தா நன்னாவா இருக்கும்?" என்றாள். என் பெட்டி அதற்குள் கட்டி ஓரமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை ரயிலில் ஏறுகிறேன். அன்று மேற்கே சூலம், ரயிலோ திண்டுக்கல்லுக்குத் தென்மேற்காகப் போகிறது. நான் திங்கட்கிழமையே கிளம்பினவன், எனக்கு அது இல்லை. மதுரைக்கு அப்பால் ரயிலோ பஸ்ஸோ எது கிடைக்கிறதோ அதில், நீங்கள் தங்கும் ஊருக்கெல்லாம் உங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருப்பேன். கன்னியாகுமரியிலும்தான். அங்கே எனக்கு அப்புறம்தான் நீங்கள்.

மற்றவர்களிடம் சொல்லாதே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேலூர் ரோட்டில் யானைமலை அருகே ஜட்காவில் வந்து நிற்பேன். வழக்கமாகக் காதர் சாயபு முன்னால் வருவார், யாரும் அவரைத் தாண்டியதில்லை, நானும் தாண்டியதில்லை. நீ தாண்டு. என் சைக்கிளில் நீ அவரை முந்திக்கொண்டு வருவதைப் பார்த்தால் எனக்கு இன்னும் அதிகமாக வயிறெரியும். எரியட்டும், பக்கத்தில் நின்றே எரிகிறேன். நீ இறங்கி மூச்சு வாங்கித் தண்ணீர் குடித்தபின், அவர்கள் வந்து சேர்வதற்குள், இன்று காலையில் வீதியில் செய்தாயே, அதை எனக்கு ஒரு தடவை செய்து காட்டு. கோபித்துக்கொள்ள மாட்டேன். அந்த மூன்று பேரும் பார்த்துவிட்டார்கள், நான் இன்னும் பார்க்கவில்லை.

உன் அப்பா